சுண்ணாம்புத் தழும்பு

786

ஆம்பூர்,
10-2-1927, வியாழக்கிழமை.

அன்பு மகள் நசீமுன்னிசாவுக்கு அத்தா ஆபித் பாஷா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் அம்மா சுகரா பேகமும் சுகம். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை மக்பூல் அகமதும் குழந்தை கலீமுல்லாவும் சுகமாக இருக்கிறீர்களா என்று எல்லாக் கடிதத்திலும் வழக்கத்துக்குக் கேட்பேன், இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் மாப்பிள்ளையின் தந்தி வந்தது, நீ அம்மை குத்திக்கொண்டாய் என்று அதில் கண்ட பிறகுதான் உன் அம்மா சோற்றில் கை வைத்தாள். செவ்வாய்க்கிழமை நான் அடித்த தந்தியைப் பார்த்து நீ பயந்திருப்பாய், இல்லாவிட்டால் அத்தாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று சிரித்திருப்பாய். உடனே அம்மை குத்திக்கொள், கையில் உள்ள தழும்பு செல்லாது என்று ஒருவன் தந்தி கொடுத்தால் வேறென்ன நினைப்பது. தபாலாபீசில் அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டவர் சரியா என்று உரக்கப் படித்துக் காட்டினார், என் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. தழும்பு எப்டி மேஸ்திரி செல்லாம போகும் என்று ஒருத்தன் கேட்டான். தோல் பதனிடும் ஷாப்பில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கேட்டறியாத நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். அவனுக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எழுதக் கை வருமோ என்னவோ. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி, ஆனால் வலி கம்மியானதால் வாய் ஜாஸ்தியாகிவிட்டது. எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு இரண்டு ஜாடி கட்டி வைத்திருக்கிறாள், வாணியம்பாடி ஆள் யாராவது கப்பல் ஏறினால் கொடுத்துவிடுவாள். பாலாற்றில் தண்ணீர் இல்லை, ஷாப்புக்கு ஊற்று தோண்டித்தான் இறைக்கிறோம். உன் சித்தி மகள் குர்ஷித்துக்கு நோன்புக்கு முன்னாலேயே நிக்காஹ் வைக்கப் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை ஜோலார்பேட்டையில் ரயில்வே உத்தியோகம். எங்கள் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் பச்சையப்பன் உன்னை விசாரித்தான். சின்ன வயதில் அம்மையில் இரண்டு கண்ணும் போனவன் அவன் என்பது உனக்குத் தெரியும், இப்போதும் தோலைக் கையால் தடவியே மயிர் கழன்றதா இல்லையா என்று சொல்லிவிடுகிறான். முன்பெல்லாம் அவனைப் பார்த்தால் கெட்டிக்காரன் என்று நினைப்பேன், செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இனிச் சொல்கிறேன். செவ்வாய் காலை உன் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டு ஷஹீன் பானுவுக்கு முந்தின நாள் அம்மை போட்டுவிட்டது, வீட்டு ஆட்களே கிட்டப் போகப் பயப்படுகிறார்கள், எனக்குத்தான் கையில் தழும்பு இருக்கிறதே, நானே போய்க் கஞ்சி கொடுத்துத் துணி மாற்றிவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தினாயா. குழந்தைக்குப் போன மாதம் குத்தின இடம் ஆறிவிட்டது, தழும்பு ஊசியால் துளைத்த மாதிரி குழிகுழியாக இருக்கிறது, என்னுடையது மட்டும் ஏன் அத்தா வழவழவென்று மெழுகு சிந்தின மாதிரி இருக்கிறது என்று விளையாட்டாகக் கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் தபாலாபீசுக்கு ஓடினேன். குழந்தையின் தழும்பு அசல், மகளே. உன்னுடையது அம்மைப்பால் வைத்த தழும்பு இல்லை. அது சுண்ணாம்பு சுட்ட தழும்பு. சுட்டவன் நான்.

உனக்கு முன்னால் வாஹித் என்று ஒரு அண்ணன் இருந்தான், இரண்டு வயதில் போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறோம், எப்படிப் போனான் என்று சொன்னதில்லை. அம்மை குத்தின அஞ்சாம் நாள் அவனுக்கு ஜுரம் கண்டது, ஒன்பதாம் நாள் என் மடியிலேயே அடங்கிவிட்டான். அந்த மாதம் தெருவில் ஒரு விஷக் காய்ச்சல் சுற்றிக்கொண்டிருந்தது, குத்தாத பிள்ளைகளும் மூன்று பேர் அதே மாதிரி போனார்கள். இது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் என் துக்கத்துக்கு யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது, ஊசியின் மேல் போட்டேன். பிறகு நீ பிறந்தாய். உனக்கு ஒரு வயது ஆனதும் அம்மை குத்துகிற வேதாசலம் வந்து நின்றார். சர்க்கார் உத்தரவு, முடியாது என்று சொல்ல வழியில்லை. நம் வீட்டு முறை உனக்குத் தெரியும், உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு திரைக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டாள், உன் இடது கையை மட்டும் வெளியே நீட்டினாள், அவர் நாலு இடத்தில் கீறிப் பாலைத் தடவினார். அவர் தெரு முனை தாண்டுவதற்குள் நான் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அத்தனையும் தேய்த்துத் துடைத்துவிட்டேன். ஆனால் எட்டாம் நாள் அவர் பால் பிடித்ததா என்று பார்க்க வருவாரே, வெறும் கையைக் காட்டினால் மறுபடி குத்துவாரே. இந்த ஊரில் என் அளவுக்குச் சுண்ணாம்பைத் தெரிந்தவன் யார் என்று எனக்கு ஒரு கர்வம். தோல் எத்தனை நாள் குழியில் கிடந்தால் மயிர் விடும், எத்தனை நாளில் தோலே புண்ணாகும் என்பதைத் தூக்கத்திலும் சொல்லுவேன். ஷாப்பிலிருந்து ஒரு கொட்டாங்குச்சியில் குழைத்த சுண்ணாம்பு கொண்டுவந்து அந்தக் கீறல்கள் மேல் வைத்துக் கட்டினேன். நீ வீறிட்டாய். உன் அம்மா வேணாங்க, வேணாங்க என்று அழுதாள், நான் கேட்கவில்லை. எட்டாம் நாள் திரைக்கு வெளியே வந்த உன் கையில் நாலு புண் பொருக்குக் கட்டியிருந்தது. வேதாசலம் மரியாதைக்காரர், பெண்பிள்ளைகள் இருக்கும் திரைப் பக்கம் முகத்தைக் கிட்டே கொண்டுவர மாட்டார். தூரத்திலிருந்தே பார்த்தார், பிடித்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். நீ வளர வளர அந்தத் தழும்பைப் பார்த்து நானே அதை நிஜம் என்று பழகிவிட்டேன், உன்னைக் கப்பல் ஏற்றும்போது கூட அது நினைவுக்கு வரவில்லை என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்.

தந்தி அடித்துவிட்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேதாசலம் பென்ஷன் வாங்கிக்கொண்டு காட்பாடியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நேற்று காலை ரயிலில் போனேன். எழுபது வயது இருக்கும், காது நன்றாகக் கேட்கிறது, அதுதான் எனக்குக் கஷ்டம், மெதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். என் புஸ்தகத்துல ஒரு பொய்ய எழுத வெச்சிட்டீங்களே மேஸ்திரி என்றார். அப்புறம் அவரே, நானும் அந்தத் திரைய கொஞ்சம் தூக்கச் சொல்லிப் பாத்திருக்கணும், மரியாதன்னு வுட்டுட்டேன், என் மேலயும் பாதித் தப்பு என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. சுண்ணாம்பு இருக்கிற இடத்தில் நோய் அண்டாது என்பார்களே, கையில் வைத்ததற்கு ஏதாவது பலன் இருக்காதா என்று வெட்கம் கெட்டுக் கேட்டேன். சுண்ணாம்ப செவுத்துக்கு அடிச்சா நல்லதுதான், கையில வெச்சா உடம்பு அந்தப் புண்ண ஆத்தும், அவ்ளோதான், அம்மையப் பத்தி அதுக்கு இன்னா தெரிஞ்சிருக்கும் என்றார்.

பிறகு அவர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், நீ கேள்வி கேட்கிறவள். ரத்தத்துல செகப்போட கூட வெள்ளையாவும் பொடிப்பொடியா இருக்குது, பூதக்கண்ணாடியில நானே பாத்திருக்கேன், நோய்க்கிருமி உள்ள வந்தா அதுங்கதான் போய்ச் சுத்திக்கினு முழுங்கும், சீழுன்னு நாம சொல்றதுல பாதி அப்டி செத்துப் போனதுங்கதான் என்றார். அதோடு ரத்தத்தில் அந்தந்த நோய்க்கு என்று ஒரு மாற்று மருந்து ஊறுகிறதாம். முன்பின் தெரியாத நோய் வந்தால் அந்த மாற்று ஊறுவதற்கு நாளாகிறது, அதற்குள் நோய் உடம்பைப் பிடித்துவிடுகிறது. பசுவின் அம்மையில் எடுத்த பால் சாதுவானது, ஆனால் ஜாடை பெரியம்மையின் ஜாடை. அதை வைத்து உடம்புக்கு ஒரு தடவை பழக்கிவிட்டால், நிஜமானது வரும்போது உடம்பு தேடிக்கொண்டு நிற்காது. இது எனக்கு உடனே விளங்கியது. நான் ஷாப்பில் சேர்ந்த வருஷம் பூச்சி கடித்த தோலை நல்ல தோல் என்று ஒரு கட்டே தள்ளிவிட்டேன், அதற்குப் பிறகு இந்த முப்பது வருஷத்தில் ஒன்றைக்கூட என் விரல் தவறவிட்டதில்லை. உடம்புக்கும் அந்த மாதிரி ஒரு விரல் இருக்கிறது போலிருக்கிறது. உன் உடம்புக்கு அம்மையைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை நான் சோப்புப் போட்டுத் துடைத்தேன்.

இப்போது குத்தினால் காக்குமா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை, உனக்கும் நான் இனிமேல் பொய் சொல்லப் போவதில்லை. பெரியம்மை உடம்பில் புகுந்து வெளியே தெரியப் பன்னிரண்டு நாள் ஆகுமாம், குத்தின பால் அதைவிடச் சீக்கிரம் வேலை செய்யுமாம். தொட்ட மூணு நாலு நாளைக்குள் குத்தினால் பெரும்பாலும் தப்பிக்கலாம், அதற்கு மேல் என்றால் வேகத்தையாவது குறைக்கலாம் என்றார். உன் கடிதம் இங்கே வந்து சேரவே ஆறு நாள் ஆகிவிட்டதால், நீ ஷஹீன் பானு பக்கத்தில் உட்கார ஆரம்பித்த எட்டாம் நாள்தான் குத்திக்கொண்டிருக்கிறாய். ஆனா முத நாளே ஒட்டிக்கிச்சுன்னு யார் சொன்னது, அஞ்சாம் நாள் ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலே போயிருக்கலாம், பேஜார் ஆவாதீங்க என்று முதுகைத் தட்டி அனுப்பினார். அதைப் பிடித்துக்கொண்டுதான் ரயிலில் ஊர் வந்து சேர்ந்தேன்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். குத்தின இடம் சிவந்து வீங்கும், கொப்புளம் கட்டும், கக்கத்தில் நெறி கட்டும், ஜுரமும் வரலாம். பயப்படாதே, அது உடம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். வாஹித்தின் ஜுரத்தை நினைத்து நான் பயந்த மாதிரி நீ பயப்பட வேண்டாம். கொப்புளத்தின் மேல் மஞ்சள், எண்ணெய், விபூதி, மை எதுவும் வைக்காதே, எவள் வந்து என்ன யோசனை சொன்னாலும் வைக்காதே, சுத்தமான துணியை லேசாகச் சுற்றிவிட்டால் போதும். அரிக்கும், சொறியாதே. எட்டாம் நாள் பார்க்க வருகிறவர்களுக்குத் திரை மறைவிலிருந்து கையை நீட்டாமல் வெளிச்சத்தில் வந்து காட்டு, உன் அம்மாவே இதைச் சொல்லச் சொன்னாள், அவள் சொன்னால் மாப்பிள்ளையும் மறுக்கமாட்டார். குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம், அவன் கையில் இருப்பது அசல். ஷஹீன் பானுவை அப்படியே விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளும் யாரோ ஒருவர் பெற்ற பெண். ஆனால் நீ போகாதே. ஒரு தடவை அம்மை கண்டு பிழைத்தவர்களுக்கு மறுபடி வருவது அபூர்வம், என்னைப் போல முகமெல்லாம் குழி விழுந்த ஆட்கள் ரங்கூனிலும் இருப்பார்கள், அப்படி ஒருவரைத் தேடி உட்கார வை. யாரும் கிடைக்காவிட்டால், அல்லது உனக்கே உடம்பு சரியில்லை என்றால், மாப்பிள்ளை ஒரு தந்தி அடிக்கட்டும், அடுத்த கப்பலில் நான் வந்துவிடுகிறேன். ஏழு வயதில் எனக்கு வந்தது. என் உடம்புக்கு அது பழைய ஆள். உன் பக்கத்தில் உட்கார எனக்கு ஒரு பயமும் கிடையாது.

நேற்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது உன் அம்மா, அவ நம்மள மன்னிப்பாளா என்று கேட்டாள். நம்மள என்று ஏன் சொல்கிறாய், சுண்ணாம்பு வைத்துக் கட்டினது நான்தானே என்றேன். திரைக்கு வெளியே அவள் கையை நீட்டிக் காட்டினது நான்தானே என்றாள். உன்னை இந்த உலகத்தில் யாரையும் விட ஜாஸ்தியாக நேசிக்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்துதான் இதைச் செய்தோம், மகளே. நேசம் இருந்தது, தெரிந்துகொள்ளத்தான் பொறுமை இல்லை.

இந்தக் கடிதம் ரங்கூன் வந்து சேர ஆறு நாள் ஆகும். அதற்குள் நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து நாள் ஆகியிருக்கும், எது நடக்க வேண்டுமோ அது நடந்திருக்கும். எழுதுகிற எனக்குத் தெரியாத விஷயம் படிக்கிற உனக்குத் தெரிந்திருக்கும். அத்தா கடிதம் வந்தால் அவள் என்னைத் தொடவிடுவதில்லை, தானே பிரித்துத் தானே படிப்பாள் என்று மாப்பிள்ளை ஒரு தடவை கேலியாக எழுதியிருந்தார். இதையும் நீயே பிரித்து நீயே படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அல்லாஹ் உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் நீண்ட ஆயுளையும் குறையில்லாத உடம்பையும் கொடுப்பானாக. உன் அம்மா உன் இரண்டு கையிலும் முத்தம் வைக்கச் சொன்னாள். கொப்புளத்தின் மேல் எதுவும் வைக்காதே என்பதை மறுபடியும் சொல்கிறேன். உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். பேனாவை எடுத்து நாலு பக்கத்துக்குத் திட்டி எழுது, மாப்பிள்ளையை எழுதச் சொல்லாதே. உன் கையெழுத்தாக இருந்தால் போதும், அதில் என்ன எழுதியிருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உன் திட்டுக்காகத் தபால்காரனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் அத்தா,
ஆபித் பாஷா.