அத்தர் குப்பியின் மூடி

ஞாயிறு, இரவு.

மாரண்டஹள்ளியில் பார்த்துவைத்திருந்த பழைய அத்தர் குப்பி இன்று என் அலமாரிக்கு வந்துவிட்டது. தூக்கம்தான் வரவில்லை.

அது அந்த ஊர்க் கண்ணம்மா என்ற அம்மாளின் இறந்துபோன கணவருடையது. தருவதாக அந்த அம்மாளே சொல்லியிருந்தார். இன்று போனபோது புளி போட்டுக் கழுவி, சர்க்கரை நிரப்பி, வாயைத் துணியால் அடைத்து நீட்டினார்.

“வெறும் பாட்டில எப்படிங்க குடுக்கறது?”

“கண்ணாடி மூடி எங்கங்க?” என்றேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு குப்பிக்கும் அதற்கான மூடியைத் தனியாகத் தேய்த்துப் பொருத்துவார்கள். வேறு மூடி சேராது.

“அத மட்டும் கழுவலைங்க. எங்க வூட்டுக்காரரு வாசன இன்னும் அதுல இருக்குது.”

“மூடி இல்லாட்டி பிரயோசனம் இல்லீங்க.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! சேகரிக்கிறவன் புத்தி.

அவர் உள்ளே போய் எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

மூடி கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் போட்டு மூட மனம் வரவில்லை. மேசைமேல் தனியாகக் கிடக்கிறது. குனிந்தால் சந்தன வாசனை. குனியாமல் இருக்கவும் முடியவில்லை.

தெருமுனையில் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது. மூடியைக் கொடுத்த விரல்களை மூக்கருகே வைத்தபடி அந்தம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.