தகட்டை நகர விடு

பகல் தொடங்கி 3-ஆம் நாள், 07:40

கூரைச் சோதனை முடிந்தது. தகடுகள் நலம். மடிப்புகள் இறுக்கம். தகட்டில் துளை எங்கும் இல்லை.

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். நான் அந்தோணி ஜெபராஜ், நிலாவில் இந்த முகாமின் கூரைப் பொறியாளர். காற்று ஊதிய துணிவீடு ஒன்றில் மூன்று பேர் இருக்கிறோம். விண்ணிலிருந்து விழும் பொடிக்கற்கள் துணியைக் கிழிக்காமலிருக்க அதன்மேல் அலுமினியக் கூரை போட்டிருக்கிறேன். இங்கே பகல் இரண்டு வாரம், இரவு இரண்டு வாரம். பகல் வெயிலில் நீளும் தகடு, இரவுக் குளிரில் ஏறக்குறைய ஒரு சாண் குறுகும். அதனால் உச்சியில் மட்டும் தகட்டை இறுக்கியிருக்கிறேன். மற்ற இடங்களில் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் கொக்கிகள் தகட்டைப் பிடித்திருக்கும், ஆனால் நகர விடும். 'தகட்டை நகர விடு' என்பது நான் எழுதிய கையேட்டின் முதல் வரி.

நகரும்போது 'டக்' என்று சத்தம் வரும். அது கூரைக் கால்கள் வழியாக வீட்டுக்குள் இறங்குகிறது. முகாம் தலைவர் டாக்டர் மெஹருன்னிசா காலையில் ரேடியோவில் அழைத்தார்: "ஜெபராஜ், உங்க கூரை விடிய விடிய மொச்சக்கொட்டை வறுக்குது. கொஞ்சம் அடுப்பை அணைங்களேன்."

சிரித்துவிட்டேன். நல்ல கூரை என்றால் சத்தம் போடும் என்று விளக்கினேன்.

பகல் 5-ஆம் நாள், 18:15

மறுபடியும் விளக்கினேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. டாக்டருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. மின்பொறியாளர் கனகவேல் எனக்கு 'டக்டக் இன்ஜினியர்' என்று பெயர் வைத்துவிட்டான். பூமியோடு பேசும்போதும் அதே பெயரைச் சொல்லிச் சிரிக்கிறான். நானும் கூடவே சிரித்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

பகல் 7-ஆம் நாள், 11:30

செய்துவிட்டேன்.

ஒவ்வொரு தகட்டின் கீழ் ஓரத்திலும் துளை போட்டு, சட்டத்தோடு சேர்த்துத் திருகு ஆணி இறக்கினேன். கனகவேல் ஆணி எடுத்துக் கொடுத்தான், நன்றாகக் கவனித்துக்கொண்டான். சத்தம் நின்றது.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். உச்சி வெயிலில், தகடு முழுக்க நீண்டிருக்கும் நேரத்தில், இரண்டு முனையிலும் கட்டிப்போட்டிருக்கிறேன். அந்தியில் அது குறுகப் பார்க்கும், முடியாது. ஆணி தகட்டைக் கிழிக்கும், இல்லையென்றால் தகடு சட்டத்தையே பிடுங்கும். கிழிந்த விளிம்பு நேராகத் துணிவீட்டின் மேல்தான் விழும். துணி கிழிந்தால் காற்று போய்விடும், விண்வெளி உடுப்பு இல்லாமல் உள்ளே இருப்பவர் பிழைக்க முடியாது. ஆனால் அந்திக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்குள் கழற்றிவிடுவேன்.

அவர்களிடம், "கொக்கியில ஒரு கோளாறு இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்" என்றேன். டாக்டர் சேமியா பாயசம் வைத்தார். இரண்டு கிண்ணம் குடித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பாராட்டு இனித்தது.

பகல் 10-ஆம் நாள், 09:05

இருவரும் தூங்கும்போது தனியாக ஏறி எல்லா ஆணிகளையும் கழற்றினேன். துளைகளை அடைக்க நேரமில்லை. ஆணிகள் என் பையில்.

இறங்கும்போது கனகவேல் விழித்துவிட்டான். "என்னண்ணே மேல?" என்று ரேடியோவில் கேட்டான். "சும்மா ஒரு பார்வை" என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். டாக்டர் திட்டுவார், கனகவேல் ஒரு மாதம் கிண்டல் செய்வான், அவ்வளவுதான். நான் எழுதிய விதியை நானே மீறினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆணிகள்தான் போய்விட்டனவே, இனி எதற்கு என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பகல் 12-ஆம் நாள், 16:20

குன்றுக்கு அப்பால் வடக்குக் கிடங்குக்கு வந்திருக்கிறேன், அதன் கூரையைப் பார்க்க. இங்கே ஆளும் இல்லை, ரேடியோவும் இல்லை. வண்டி ரேடியோவில் அனுப்பும் பகுதி வழியிலேயே கெட்டுவிட்டது. முகாம் பேசுவது கேட்கிறது, நான் பேச முடியாது. அவசரம் ஒன்றும் இல்லை.

பகல் 14-ஆம் நாள், 08:50

கனகவேலின் குரல். அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, கேக்குதா? பதிலே காணோம், ஆன்டெனா மக்கர் பண்ணுது போல. கூரை நேத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சுடுச்சு. மேல ஏறிப் பாத்தா நீங்க போட்ட ஆணி ஒண்ணுகூட இல்லண்ணே, எல்லாம் கழண்டு விழுந்துடுச்சு. நீங்க வந்து அலைய வேணாம்னு நானே போட்டுட்டேன். தகட்டுக்கு ஒண்ணு போதாது, மூணு மூணா போட்டிருக்கேன். பெரிய ஆணி. இனி அசையவே அசையாது."

வண்டியைத் திருப்பிவிட்டேன். முகாம் ஒன்பது மணி நேரத் தொலைவு. சூரியன் அதற்கு முன்பே இறங்கிவிடும்.

14-ஆம் நாள், பிற்பகல்

ஓட்டிக்கொண்டே பேசிப் பதிவு செய்கிறேன். வேகத்தில் வலப்பக்கச் சக்கரம் உடைந்து தேய்கிறது. நிறுத்தவில்லை.

அவன்மேல் தப்பே இல்லை. எனக்கு உதவி செய்தான். நான் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறான். கழற்றியது நான்தான் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் ஏறியிருக்கமாட்டான். எங்கே சிரிப்பார்களோ என்று விழுங்கிவிட்டேன். அசிங்கமாக இருக்கிறது. என் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வேன்?

அனுப்பும் பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்துகிறேன். உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே வாங்க, டாக்டர். வெளியே வாங்க. பொத்தானின் விளக்கு எரியவில்லை. எதுவும் போகவில்லை.

அந்தி

சூரியன் பாதிதான் தெரிகிறது. முகாம் இன்னும் தெரியவில்லை. டாக்டர் பேசுகிறார்.

"ஜெபராஜ், கூரை ஒரு மாதிரி முனகுது. டக்டக் இல்ல, யாரோ புடிச்சு இழுக்குற மாதிரி. உடுப்பு மாட்டிட்டு வெளிய போய் நிக்கலாமான்னு கனகவேல் கேட்டான். நான்தான் வேணாம்னுட்டேன். கூரை விஷயத்துல நீங்க எவ்வளவு கறார்னு எனக்குத் தெரியாதா? ஆபத்து எதுவும் இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லியிருப்பீங்க. நேத்து ராத்திரியும் தூக்கம் இல்ல, நாங்க இப்பவே தூங்கப் போறோம். பத்திரமா வாங்க."

டாக்டர், நான் சொல்லவில்லை. நான் சொல்ல