எலுமிச்சம்பழத்தின் நிழல் எந்தப் பக்கம்?

என் அன்புப் பிடிவாதக்காரருக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நலமா என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் சண்டை எனக்கு இன்னும் முடியவில்லை.

எந்தச் சண்டை என்று முழிக்காதீர்கள். தொண்ணூறுகளில், இதே திருக்கழுக்குன்றம் வீட்டில், ஞாயிற்றுக்கிழமையானால் சாப்பாட்டு மேஜையில் பித்தளைச் சொம்பையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து வரைவீர்களே, அந்தச் சண்டைதான். ஆபீசில் நாள் முழுக்க இயந்திரப் படம் போடும் டிராஃப்ட்ஸ்மேன், சரி. வீட்டில் எலுமிச்சம்பழத்தை டிவைடர் வைத்து அளந்த மனுஷன் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். கிழக்குப் பார்த்த ஜன்னல் உங்களுக்கு வலது பக்கம். நிழல் இடது பக்கம் விழும். நீங்களோ எல்லாப் படத்திலும் வலது பக்கம்தான் நிழல் போடுவீர்கள்.

"வெளிச்சம் இடது மேல் மூலையிலேர்ந்து வருதுன்னு வெச்சுக்கணும். அதான்டி டிராயிங்ல ரூல்."

"ரூலைத்தான் பாக்கறீங்க. எதிர்ல இருக்கறதை என்னிக்காவது பாத்திருக்கீங்களா?"

பழத்தை மட்டுமா சொன்னேன்? என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். உங்களுக்கு அது புரிந்ததா? பென்சிலைச் சீவிக்கொண்டே சிரித்தீர்கள், அவ்வளவுதான்.

புதுச் சேதி கேளுங்கள். போன மாதம் மாமல்லபுரத்தில், வெளிநாட்டுக்காரர்கள் விட்டுவிட்டுப் போகிற புத்தகங்களை விற்கும் கடைக்குப் போனேன். ஒரு அட்டையில் பாதி தோல் சீவிய எலுமிச்சம்பழம். கை தானாகப் போய்விட்டது.

"இன்னா மேடம், உள்ள வெறும் பழம், மீனு, சொம்புதான் கீது. ஒரு ஆள் கூட இல்ல. இத்தப் போயி எடுத்துகினு போறீங்க?" என்றார் கடைக்காரர்.

ஆள் இல்லாமல் பொருளை மட்டும் வரைவதைத்தான் ஸ்டில் லைஃப் என்கிறார்களாம். எகிப்தில் கல்லறைச் சுவரில் ரொட்டியும் அத்திப்பழமும் தீட்டினார்களாம், செத்தவருக்கு அங்கே பசிக்குமே என்று. ரோமானியர்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பழம். ஹாலந்துக்காரர்கள் மண்டை ஓட்டையும் கடிகாரத்தையும் வைத்து, எல்லாம் ஒருநாள் போய்விடும் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்த எலுமிச்சைத் தோலை மட்டும் ஏன் மேஜை விளிம்பிலிருந்து தொங்கவிட்டார்கள்? உங்களிடம்தான் கேட்கத் தோன்றியது.

நானும் வரையப் பழகுகிறேன். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் உயரம் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணையும் பாதி மூடினால் வெளிச்சம் தனியாக, இருட்டு தனியாகப் பிரிந்து தெரிகிறது. "யாரைப் பாத்தும்மா கண்ணடிக்கிறே?" என்கிறாள் நம் மகள் கவிதா.

பென்சில் தேடித்தான் உங்கள் டிராயிங் போர்டுக்கு அடியில் துழாவினேன். நான் பார்த்தே இராத ஒரு படம் இருந்தது. சொம்பு, எலுமிச்சம்பழம், பக்கத்தில் என் டிபன் பாக்ஸ். நிழல் இடது பக்கம்! நீளநீளமாக. இதை வரைந்தது நீங்களா?

எப்போது வரைந்தீர்கள் என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது. ஒரு லீவு நாளில் மூன்றையும் அதே மாதிரி மேஜையில் வைத்தேன். எட்டு மணிக்கே நிழல் போதவில்லை. பத்து மணிக்கு இன்னும் குட்டை. மறுநாள் காலை ஆறே முக்காலுக்குத்தான் பழத்தின் நிழல், படத்தில் இருப்பது போலவே, சொம்பின் அடியைத் தொட்டது. சிறுசேரி ஆபீஸ் வேன் வந்து எனக்காக ஹாரன் அடிக்கிற நேரம்.

படத்தில் டிபன் பாக்ஸ் மட்டும் பாதியில் நிற்கிறது. மூடிக்கு நிழல் போட்டிருக்கிறீர்கள், மற்றதெல்லாம் வெறும் கோடு. ஏன் முடிக்கவில்லை? யோசித்து யோசித்துப் பார்த்தேன். அட கடவுளே, நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்! "நகருங்க, நேரமாச்சு" என்று கண்ணெதிரே எடுத்திருப்பேன். கையில் பென்சிலோடு நீங்கள் உட்கார்ந்திருந்தது என் கண்ணில் படவே இல்லை. எதிரில் இருந்ததைப் பார்க்காதது யார், சொல்லுங்கள்?

உங்கள் பாதிப் படத்தில் கை வைக்க மாட்டேன். இனிமேல் தினமும் காலையில் பத்து நிமிஷம் அந்த டிபன் பாக்ஸ் மேஜையிலேயே இருக்கும். வேன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். மூடியைத் திறந்து, எலுமிச்சை சாதத்தோடு, முழுசாக வரைந்து வைக்கிறேன். பசித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சண்டையில் தோற்றுப்போன
உங்கள் மனைவி,
வனஜா