காதால் படித்த பையன்

ஜூலை 3, வியாழன்

எழுந்ததும் முதல் வேலையாக மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் ஏறவில்லை. கீழே இறங்கிப் பார்த்தால் கேட்டில் நோட்டீஸ். குழாய் வேலை, இரண்டு நாள் தண்ணீர் வராது. நேற்றே ஒட்டியிருக்கிறார்கள். நேற்று மாலை ஃபராஸ் அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் அரட்டை அடித்தான்.

"நோட்டீஸ பாக்கலையாடா?"

"பாத்தேன். ஏதோ கொசு மருந்து அடிக்கிறாங்களாம்."

கீழே இழுத்து வந்து, நோட்டீஸ் முன்னால் நிறுத்திப் படிக்கச் சொன்னேன். "கு... ழா..." வேர்த்துவிட்டது அவனுக்கு. "ரூஹிய கூப்பிடும்மா, அவ படிப்பா."

ஒன்பதாம் வகுப்பு. என் மகன்.

தி.நகர் ஆபீஸில் நாள் முழுக்க டைப் அடித்ததெல்லாம் தப்பு. பயமா? இல்லை. கோபம்.

ஜூலை 4

ரூஹியை உட்கார வைத்துக் கேட்டேன். அவன் பாடங்களை எல்லாம் அக்காக்காரிதான் சத்தமாகப் படித்து, பதிவு செய்து, அவன் போனுக்கு அனுப்புகிறாளாம். ஆறாவதிலிருந்து! அவன் ஹெட்போனில் கேட்டு மனப்பாடம் செய்கிறான். கேள்வியில் தெரிந்த ஒன்றிரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, மனதில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதிவிட்டு வருகிறான். பிள்ளை கவனமாகப் படிக்கிறான் என்று நான் பால் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது வரை எல்லோரும் பாஸ். யாருக்குத் தெரியப் போகிறது?

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"அவன யாரும் படின்னு சொன்னதே இல்லம்மா. எனக்குத்தான் சொன்னீங்க. அவன கடைக்குப் போயிட்டு வான்னுதான் சொன்னீங்க."

பொய்யாக இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

ஜூலை 7

வகுப்பு டீச்சர் தேவானையைப் பார்த்தேன். வாரம் ஒரு நூலக வகுப்பு உண்டு. அப்போது பையன்கள் எங்கே? பெஞ்சு தூக்க. மேடை போட. வேலை இல்லையென்றால் கிரவுண்டுக்கு.

"பசங்கள உள்ள விட்டா பீரோவையே சாய்ச்சிடுவாங்க மேடம். பொண்ணுங்க சமத்தா படிக்கும். கிளாஸ்லயும் பொண்ணுங்களைத்தான் எழுப்புவேன். இவனுங்க திக்கித் திக்கிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிடும்."

சிரிக்கிறாள்!

யாரும் அவனுக்குக் கெடுதல் செய்யவில்லை. எல்லோரும் உதவிதான் செய்திருக்கிறார்கள். பாவிகளா. நானும் சேர்த்துத்தான்.

ஜூலை 8

பஸ்ஸில் ஏறிய பையன்களை எல்லாம் முறைத்துக்கொண்டே வந்தேன். இவனுக்குப் படிக்கத் தெரியுமா? அதோ, அவனுக்கு?

ஜூலை 13, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிந்தாதிரிப்பேட்டையில் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவருக்கு இது ஒரு விஷயமா?

"இன்னா இப்போ? டப்பா கலர பாத்தே பார்ட்ட எடுத்துக் குடுக்கறான். பெயிலானா நேரா கடைக்கு வரட்டும். ஆம்பளப் புள்ளைய பொம்பள மாதிரி மூலையில பொஸ்தகம் வெச்சிக்கினு குந்தச் சொல்றியா?"

"கடைக்கு வர்ற பில்ல யார் படிப்பா?"

"அதுக்குத்தான் நீ கீறியே ஜமீலா."

மூலையாம்! ரூஹி புத்தகத்துக்காகவா மூலையில் உட்கார்ந்தாள்? தெருவுக்கு விடாததால் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் புத்தகம் கிடந்தது. அவ்வளவுதான்.

ஜூலை 20

மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம் வாங்கி வந்தேன். சுவரில் விட்டெறிந்தான்.

"பக்கத்து பெஞ்சு ஆதில் பாத்தான்னா அவ்ளோதான். கிளாஸ் பூரா ஓட்டுவானுங்க."

"ஆதிலுக்குப் படிக்க வருமா?"

குனிந்து புத்தகத்தை எடுத்தான். பிறகு, "அவனும் 'வாய்ஸ் அனுப்பு மச்சி'ன்னுதான் சொல்லுவான்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 10

கிரிக்கெட் செய்தியை நீட்டினேன். "யார் ஜெயிச்சாங்கன்னு தெரியும். அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" நியாயம்தான்.

வாரப் பத்திரிகையில் ஒரு பேய்க்கதை. செத்தவன் வந்து கதவைத் தட்டுகிற இடம் வரை வாசித்துவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று எழுந்துவிட்டேன். "ரூஹி!" என்று கத்தினான். உலையை ஏற்றிவிட்டு வந்து, அவளை வரவிடாமல் வாசலை மறித்து நின்றேன். என்னைத் திட்டிக்கொண்டே, எழுத்து எழுத்தாக, நாலு வரி. அதற்குள் சோறு வெந்துவிட்டது. ஆனால் படித்தான்.

ஆகஸ்ட் 31

தினமும் கால் பக்கம். கதையில் வசவு வந்தால் மட்டும் திக்காமல் படிக்கிறான்.

செப்டம்பர் 6

காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. குளியலறையில் குழாய்ச் சத்தத்துக்கு நடுவே ரூஹியின் குரல். அறிவியல் பாடம். இன்னும் பதிவு செய்கிறாள், எனக்குத் தெரியாமல்! கதவைத் தட்டித் திறக்க வைத்துக் கத்தினேன். அவளும் கத்தினாள்.

"ரெண்டு மாசத்துல படிச்சிடுவானாம்மா? பெயிலாயிடுவான். அத்தா கடையில போட்டுடுவாங்க. அப்புறம் எங்கேர்ந்து படிப்பான்?"

அவளுடைய பிளஸ் ஒன் புத்தகம் பக்கெட் மேல் மூடிக் கிடந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். ஹெட்போன் கழுத்தில் தொங்க, அறிவியல் புத்தகத்தில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. என்னைக் கண்டதும் பட்டென்று மூடிவிட்டான்.

ரூஹியின் குரலை வைத்து நாற்பது வாங்கிவிடுவான். அவனாகப் படித்தால் பத்துகூடத் தேறாது. தெரிந்த மறுநாளே இவர் கடைக்கு இழுப்பார். இழுக்கட்டும், பார்க்கிறேன். என்னைத் தாண்டித்தான் இழுக்க வேண்டும்.

நாளைக்கு இரண்டு பேர் போனையும் ஆபீஸுக்கு எடுத்துப் போகப் போகிறேன். பரீட்சை முடியும்வரை தரமாட்டேன். பாடத்தையும் கேள்வித்தாளையும் அவனே படித்து, அவனே பெயிலாகட்டும்.

அடுத்த அறையில் மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் இன்னும் தெரியாது.