பல் விட்ட சுவர்

ஐப்பசி 6, வியாழன்

மலையிலிருந்து பாறையும் சேறும் உருண்டு வந்து அடிவாரத்து வீட்டை மூடிய மழைக்கு அடுத்த வருஷம். அப்படிச் சொன்னால்தான் வருஷம் எனக்குத் தங்கும். காலையிலிருந்து தூறல். கேட் கீலுக்கு எண்ணெய் போட வேண்டும். போடவில்லை.

எழுத்துத் தெரியாதவன் எழுதுகிறேன். போனில் ஒரு மைக் படம். அதை அமுக்கிப் பேசினால் எழுதிக்கொள்ளும் என்று ஜெயந்தி அம்மா சொல்லிக் கொடுத்தார். வீட்டில் பேசுவது போலப் பேசினால் உளறுகிறது. ரேடியோவில் செய்தி வாசிப்பது போல நிறுத்திச் சொன்னால் சரியாக வருகிறது. திருப்பிப் படிக்கச் சொன்னால் ஒரு பெண் குரல் படிக்கிறது. என் எழுத்தை நான் படிக்க முடியாது. மற்றவர் படிக்கக் கூடாது.

செங்கம் ரோட்டில் ஜெயந்தி அம்மாவின் காபிக் கடை, மேலே வாடகை ரூம்கள். நான் கேட் வாட்ச்மேன். அதற்கு முன்னே நாற்பது வருஷம் கொத்து மேஸ்திரி.

ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் பெரிய பெட்டி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு ஆள் தூக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் செங்கல், ஒன்றோடொன்று அழுத்தினால் பிடித்துக்கொள்வது. ஒன்பதாயிரத்துச் சொச்சம் துண்டு, நாற்பது பை. இந்த வகையில் இதுதான் ரொம்பக் கஷ்டமாம். கட்டி முடித்தால் வட்டமாக ஒரு வெளிநாட்டு மைதானம். இரண்டு காலேஜ் பையன்கள் மூன்று பையோடு விட்டுவிட்டார்கள். பெட்டி மேல் படத்தில் பாதிச் சுவர்தான் ஏறியிருக்கிறது. வேலை நடக்கும்போது எடுத்த படம் போல.

ஓவர்சியர் சம்பத் காபி குடித்துக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்று வயது. தினம் கைத்தடியோடு வருவார்.

"இதெல்லாம் படிச்சவங்க வேலை, மேஸ்திரி. நீ கட்டுன சுவரு ஒரு மழைக்குத் தாங்கல."

டீ மாஸ்டர் காதர் பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"நான் கட்டறேன்."

"எத்தப் பாத்துக் கட்டுவே? புக்கு போட்டிருக்கான். படிக்கணும்."

புத்தகத்தைப் பிரித்தேன். தாண்டித் தாண்டிப் பார்த்தேன். படம், எண், படம், எண். எழுத்தே இல்லை. எண் எனக்குத் தெரியும். பஸ், காலண்டர், டேப் எல்லாம் எண்தானே. எழுபத்தாறு வயதில் முதல் முறையாக எனக்கும் படித்தவனுக்கும் ஒரே புத்தகம்.

ஜெயந்தி அம்மா கேட் பக்கத்து ரூமைக் கொடுத்தார். "கொடியேத்தத்துக்குள்ள முடிச்சிருங்க தாத்தா. கார்த்திகை தீபத்துக்கு ரூம் புக்காயிருக்குது. முடிச்சீங்கன்னா கடை நடுவுல வெச்சு, கட்டினவர் இன்னார்னு போர்டு போடறேன்."

"சுவர் விழுந்த மேஸ்திரின்னு போடும்மா," என்றார் சம்பத். "அப்பதான் ஊருக்கு ஆளு தெரியும்."

ஐப்பசி 7, வெள்ளி

மழை. கடையில் ஆள் கம்மி. அந்தச் சுவரைச் சொல்லி வைக்கிறேன்.

நம் ஊர் தனி மாவட்டம் ஆவதற்கு மூன்று வருஷம் முன்னால். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு காண்ட்ராக்டருக்கு மல்லாட்டை குடோன், வேர்க்கடலை மூட்டை அடுக்க. சம்பத் ஓவர்சியர், நான் மேஸ்திரி. நீளச் சுவர் இரண்டையும் ஏற்றினேன். அவை சாயாமல் தாங்க நடுவில் குறுக்குச் சுவர் வர வேண்டும். எப்போது என்று கேட்டேன். "அது அடுத்த மாசம். நீ நீளத்த முடி" என்றார். அடுத்த மாதம் மழைதான் வந்தது. மேற்குச் சுவர் சாய்ந்தது. இரண்டு ஆடு செத்தது. ஆளுக்குச் சேதமில்லை.

ஒரு வாரம் கழித்துச் சம்பத் ஒரு காகிதம் நீட்டினார். "வேலை முடிஞ்சதுக்கு ஒரு கைநாட்டு வையி." வைத்தேன். ப்ளானில் இருந்த குறுக்குச் சுவரை, ப்ளான் படிக்கத் தெரியாததால் விட்டுவிட்டேன் என்று நானே ஒப்புக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. பிறகு ஒருவர் படித்துச் சொல்லித்தான் தெரியும்.

அதன் பிறகு எனக்கு வந்த வேலை மாட்டுக்கொட்டகை, கக்கூஸ், காம்பவுண்டு. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட "சுவர் விழுந்த மேஸ்திரி வீடு எது" என்றுதான் தெருவில் விசாரித்தார்கள்.

புத்தகம் பார்த்து, முதல் துண்டு முதல் கடைசித் துண்டு வரை கட்டுவேன். கட்டிவிட்டு அந்தச் சம்பத் முகத்தைப் பார்ப்பேன்.

ஐப்பசி 10, திங்கள்

நான்கு பை முடிந்தது. கஷ்டம் எங்கே என்று இப்போது தெரிகிறது.

ஒன்று, நிறம். எல்லாம் மணல். வெளிர் மணல், மணல், கொஞ்சம் அழுக்கு மணல். ஜன்னல் வெளிச்சம் போனால் மூன்றும் ஒன்று.
இரண்டு, என் விரல். சுண்ணாம்பும் சிமெண்டும் தின்ற விரல். அரிசி அளவுத் துண்டு அதில் நிற்காது. நாக்கில் தொட்டு எடுக்கிறேன்.
மூன்று, கலவை இல்லை. கொஞ்சம் தட்டிச் சரிக்கட்ட வழி இல்லை. பிசகினால் பிசகினதுதான்.

சின்னத் துண்டுகளைப் பிரித்து வைக்க இட்லித் தட்டு. ஒரு குழிக்கு ஒரு வகை.

காதர் பாய் வாசலில் நின்று, "மேஸ்திரி, நாலு ஈடு இட்லி ஊத்தணும். இருக்கிற தட்டெல்லாம் உன் ரூம்ல பிளாஸ்டிக் வேவுது."

ஒரு தட்டு கொடுத்தேன். மூன்று என்னிடம்.

ஐப்பசி 19, புதன்

பௌர்ணமி. ரோடு முழுக்கக் கிரிவல ஜனம். கேட்டுக்கும் ரூமுக்கும் ஓட்டம். எட்டு மணி நேரத்தில் ஒரு பைதான்.

வளைவு, வளைவு, வளைவு. ஒரே வளைவு வட்டம் முழுக்க. பையன்கள் இங்கே வந்திருந்தால் இங்கேயே ஓடியிருப்பார்கள். எனக்கு இது பழக்கம். ஒரே செங்கல்லை ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை வைத்தவன்.

ஜன்னலில் எட்டிப் பார்த்த ஒரு பெண்: "இன்னா தாத்தா, பேரனுக்கா?"
"எனக்கு."
"பொழுது போவணும்ல."
"பொழுது போவலம்மா. வேலை போவுது."

சம்பத் வந்தார். ஜன்னலில் நின்றார். "வெட்டி வேலை" என்றார். ஆனால் காபி ஆறும் வரை நின்றார்.

ஐப்பசி 27, வியாழன்

வெயில். இருபத்தேழு பை.

வெளிச் சுவர் நான்கு அடுக்கு உயரம் ஏறிவிட்டது. ஒரு பக்கம் முனையை நேராக முடிக்காமல் படிப்படியாக விட்டிருக்கிறான், ஒரு கல் நீட்டி ஒரு கல் உள்வாங்கி. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பல் விட்டிருக்கிறான். அடுத்த சுவர் வந்து கோத்துக்கொள்ள நாங்கள் விடுவதும் இப்படித்தான். எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்ன, மேஸ்திரி மேஸ்திரிதான்.

குடோன் மேற்குச் சுவரிலும் குறுக்குச் சுவருக்காக இதே போலப் பல் விட்டேன். பதினாலு வரிசை.

புத்தகம் இப்போதைக்கு உள் வட்டத்துக்குப் போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. தொடர வேண்டிய சுவர்தானே. பின்னால் வரும் பைகளைப் பிரித்து, அதே கல்லைப் பொறுக்கி, நானே எட்டு வரிசை தொடர்ந்துவிட்டேன். கை தானாகப் போயிற்று. புத்தகம் இல்லாமல் கட்டுவதில் ஒரு சுகம், பொய் சொல்லக் கூடாது.

கார்த்திகை 1, திங்கள்

துண்டு கம்மி. முப்பத்து மூன்றாம் பையில் நாற்பது கல் வேண்டும், பதினொன்றுதான் இருக்கிறது. அடுத்த பையிலும் அப்படியே.

கட்டில் அடி, பாய் அடி, கேட் வரை. இல்லை.

காதர் பாயைக் கேட்டுவிட்டேன். "நேத்து நீதானே ரூமைப் பெருக்கினே?"
"பெருக்கினேன். தூசிதான் போட்டேன்."
"தூசியில கல்லு போயிருக்கும்."
"கல்லு போறது கண்ணுக்குத் தெரியாதவனா நானு?"
"கணக்கா பை வந்திருக்குது. உன் முறத்துலதான் பூட்டுது."

பாய் அடுப்படிக்குப் போய்விட்டார். மத்தியானம் எனக்கு டீ வரவில்லை.

கொடியேற்றத்துக்கு ஏழு நாள்.

கார்த்திகை 2, செவ்வாய்

ஜெயந்தி அம்மா பார்க்க வந்தார். வட்டத்தைச் சுற்றி நடந்தார். "தாத்தா, இந்தப் பக்கம் ஏன் இவ்ளோ நீட்டியிருக்கீங்க? இங்க இடிஞ்சிருக்கணுமே."

"இடிஞ்சா?"

"இது பழைய கட்டடம் தாத்தா. எந்தக் காலத்துலயோ பாதி இடிஞ்சிபூட்டுது. அப்படியேதான் நிக்குது. அத்தப் பாக்கத்தான் உலகமே போவுது." போனில் படம் காட்டினார். உண்மைதான். வானத்துக்குக் கீழே உடைந்து நிற்கிறது. பக்கத்தில் மனிதர்கள் எறும்பு போல.

இடிந்த சுவரை யாராவது இடிந்தபடியே கட்டச் சொல்வார்களா. சொல்லியிருக்கிறான். புத்தகம் சரியாகத்தான் சொன்னது. நான்தான் கேட்கவில்லை. குறைந்த கல்லெல்லாம் நான் நீட்டிய எட்டு வரிசையில்தான் இருக்கிறது.

காதர் பாயிடம் போனேன். "பாய், தப்பு என்னுது."
"தெரியும்."
"எப்பிடி?"
"நீ எப்ப மன்னிப்புக் கேக்க வந்தே, இதுவரிக்கும்? தப்பு ரொம்பப் பெருசா இருந்தாத்தான் வருவே. தட்டக் குடு மொதல்ல."

வேலை ஓடவில்லை. ஒரே யோசனை. பல்லைப் பார்த்தால் சுவர் வரும் என்று நினைப்பது என் புத்தி. இங்கே யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன். அன்றைக்கும் அப்படித்தானா? அந்த ஆள் சொல்லாமலே சொன்னதாக நாற்பது வருஷம் நானே நம்பிக்கொண்டிருந்தேனா?

இல்லை.

அன்றைக்குக் குடோனில் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். சம்பத் வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா, மூடி இல்லாமல் கசிந்து கறை. தார்ப்பாய் நிழலில் நின்றார். "அது அடுத்த மாசம். நீ நீளத்த முடி." இடது கையால் நீளத்தைக் காட்டினார். வலது கையில் தண்ணீர்ச் சொம்பு.

சொன்னார். என் காதால் கேட்டேன்.

கார்த்திகை 4, வியாழன்

எட்டு வரிசையையும் பிரித்தேன். நகம் இரண்டு போயிற்று. பிரித்த கல் எண்ணிக்கை சரியாக இருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. புத்தகம் சொன்ன இடத்தில் சொன்னபடி நிறுத்தினேன். உடைந்த ஓரத்தைக் கட்டுவதுதான் இந்தப் பெட்டியிலேயே பெரிய கஷ்டம். நேராக்கத் துடிக்கிறது கை. கையை அடக்கிக்கொண்டு கோணலாக வைக்க வேண்டும். ஒரு கல் வைக்க ஒரு பீடி நேரம். பீடி விட்டு இருபது வருஷம் ஆகிறது, நேரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

முப்பத்தேழு பை.

கார்த்திகை 6, சனி

வெயில், காற்று. பத்தரை மணிக்குக் கடைசித் துண்டு. நாற்பது பையும் காலி. சின்னத் துண்டு ஏழு மிச்சம். அது தொலைந்தால் போட என்று அவனே கூடக் கொடுப்பதாம்.

நான்கு பேர் பலகையோடு தூக்கிக் கடை நடுவில் வைத்தார்கள். ஜெயந்தி அம்மா போர்டில் என்ன பெயர் என்று கேட்டார். "கொத்து மேஸ்திரி ஏழுமலை. வேற எதுவும் வேணாம்."

பதினோரு மணிக்குச் சம்பத் வந்தார். சுற்றிப் பார்த்தார். தடியால் காட்டினார்.

"முடிச்சிட்டேன்னாங்க. எங்கய்யா முடிச்சே? இந்த ஓரத்துல பல்லு விட்டு நிறுத்தி வெச்சிருக்கே."

தடி நுனி கல்லில் படாமல் கையால் தடுத்தேன்.

"சேர வேண்டிய சுவரு இன்னும் வரலன்னு அர்த்தம். எனக்கா தெரியாது? பாதி வேலைக்குப் போர்டு வேற."

"பல்லு விட்டவனுக்குச் சுவரு வரும்னு தெரியுமா, தெரியாதா சார்?"

"தெரிஞ்சாத்தானய்யா விடுவான். தெரியாதவன் எதுக்குப் பல்லு விடறான்?"

"குடோன் மேற்குச் சுவர்ல பதினாலு வரிசை பல்லு விட்டிருந்தேன் சார். விழுந்த பொறவும் பாதி நின்னுது. நீங்கதான் டேப்பு வெச்சு அளந்தீங்க."

காதர் பாய் பாலை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

சம்பத் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, குரல் இறங்கி, "நாப்பது வருஷம் ஆச்சு. அடுத்த மாசம்னு நான் சொன்னதுக்குச் சாட்சி யாருய்யா இருக்கா?"

"ஒம்பது பேர் நின்னோம் சார்." சொன்னேன். பெரியாள் கோவிந்தன், மஞ்சள் காமாலை. சித்தாள் பச்சையம்மா, பிரசவத்தில். கன்னியம்மா, பாம்பு. ராணி, பெங்களூரில், போன வருஷம். தண்ணி வண்டி மாரி, பஸ் மோதி. லாரி ஜமால், சர்க்கரை. காண்ட்ராக்டர், படுத்த படுக்கையாக ஆறு வருஷம். எட்டாவது நான்.

"எல்லாரும் பூட்டாங்க. நீ சொல்றது நீ சொல்றதுதான்."

"இன்னும் ஒருத்தர் இருக்கார் சார்."

"யாரு?"

"ஓவர்சியர் சம்பத்."