படகுத் தெய்வம் கோபிக்கவில்லை

தமோட்சு சான்,

சோறு குக்கரில் இருக்கிறது. மிசோ சூப்பை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். முதுகுவலிப் பிளாஸ்திரியைப் பிய்த்துப் போடாதீர்கள்.

படகு இன்ஜினின் பெட்ரோல் வால்வை மாற்றிவிட்டேன். ஆமாம், நானேதான். "படகுல இருக்கிறது பொம்பளத் தெய்வம். இன்னொரு பொம்பள தனியா ஏறினா அதுக்குப் பொறுக்காது" என்று நேற்று அந்தக் கத்து கத்தினீர்களே!

டேங்கைக் காலி செய்து, குழாய்க் கிளிப்பைக் கழற்றி, புதியதை மாட்டினேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனால் பத்துத் தடவை ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தும் இன்ஜின் முனகக்கூட இல்லை. தெய்வம் நிஜமாகவே கோபித்துக்கொண்டதோ என்று உங்கள் சாக்கே மதுவில் கொஞ்சம் ஊற்றிக் கும்பிட்டேன். அப்புறம் பார்த்தால், வால்வைத் திறக்கவே இல்லை நான்! திறந்தேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

கணவாய் மீன் சீசனின் முதல் நாளை வீணாக்குவேனா? கிளம்பிவிட்டேன். பழைய வால்வு உங்கள் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எறியாதீர்கள், ஊருக்கே காட்ட வேண்டும்.

ஃபுயுகோ

பி.கு: காலை பத்து மணிக்குத் துறைக்கு வந்து படகு கட்டும் கயிற்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்பளை கை பட்டால் கோபித்துக்கொள்ளாதே என்று அந்தத் தெய்வத்திடம் சொல்லி வைக்கிறேன்.