அக்கா, அது பயமில்லை

என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த பாப்பம்மா அக்காவுக்கு,

மாமா திரும்பி வந்துவிட்டார். யுத்தம் முடிந்து ஆறேழு மாதம் கழித்து, மொரப்பூர் ஸ்டேஷனில் ஒரு தகரப் பெட்டியோடு இறங்கி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். நீ கண்ணை மூடிய செய்தி அவருக்குக் கடிதத்தில் எட்டியிருந்தது. இருந்தாலும் வாசலில் நின்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரே சொல்ல எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

மாமா பர்மாப் பக்கம் ரோடு போடும் பட்டாளத்துக்குப் போனதிலிருந்துதானே உனக்கு அந்தப் படபடப்பு வந்தது? தபால்காரர் தெருமுனையில் தலை காட்டினால் போதும். மூச்சு வாங்கும், உதடு மரத்துப்போகும், விரலெல்லாம் மடங்கிக்கொள்ளும். "ஐயோ, செத்துப்போயிருவேன் தம்பி, என்னைப் புடிச்சுக்கடா!" என்று ஊரையே கூட்டுவாய். பூசாரி வந்து வேப்பிலையால் தடவித் திருநீறு போடுவார். அரை மணி கழித்து ஒரு சொம்பு கூழைக் குடித்துவிட்டு, "என்னடா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? நான் எங்கியும் போவல" என்று என்னையே கேலி செய்வாய். இப்படி ஏழெட்டுத் தடவை. பயந்த கோளாறு என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டோம்.

அன்றைக்கு மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டி மூன்றாம் நாள். காப்புக் கட்டிவிட்டால் நோன்பு முடியும்வரை நம் ஊரில் யாரும் எல்லையைத் தாண்டக் கூடாது. தபால்காரரும் வரவில்லை, ஒரு கெட்ட செய்தியும் வரவில்லை. கிணற்றிலிருந்து இரண்டாவது குடத்தோடு படியேறி வந்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாய். நீ கத்தவே இல்லை. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. தொட்டால் சில்லென்று இருந்தது.

"தம்பி, நெஞ்சு மேல அம்மிய வெச்ச மாதிரி அழுத்துது. எடது கை, தாடையெல்லாம் கடுக்குது. இது எப்பவும் வர்றது இல்லடா. வண்டியப் பூட்டு, தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"காப்புக் கட்டியிருக்குதுக்கா. எல்லை தாண்டுனா ஊரு சும்மா வுடுமா? கொஞ்ச நேரம் உக்காரு, தானா சரியாயிரும். பூசாரியக் கூட்டியாறேன்."

நீ மறுபடியும் கேட்டாய். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். நான் கையை உருவிக்கொண்டு பூசாரி வீட்டுக்கு ஓடினேன். திருநீறு போட்டார், வேப்பிலையால் தடவினார். உச்சிப்பொழுதுக்குள் நீ போய்விட்டாய்.

"புருசன் நெனப்புலயே பயந்து பயந்து செத்தா" என்று ஊர் பேசியது. நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பேச்சில் வண்டியும் வரவில்லை, நானும் வரவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது, அக்கா.

அந்தப் பேச்சு மாமாவின் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. ரயில் கூவினாலே கை நடுங்கும், "மூச்சு அடைக்குது மாப்ள" என்பார். பூசாரியைக் கூப்பிடு என்றார்கள். யார் சொல்லையும் கேட்காமல் அவரை ரயிலேற்றிச் சேலத்துக்கு இழுத்துப் போனேன்.

டாக்டர் குழாயை வைத்து வெகுநேரம் பார்த்தார். இருதயம் நன்றாக இருக்கிறது, இது பயத்தில் வருவது என்றார். வீட்டில் யாராவது நெஞ்சு நோயில் இறந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"என் சம்சாரம் பயந்துதாங்க செத்தா. நான் பட்டாளத்துக்குப் போவாம இருந்திருந்தா இருந்திருப்பா" என்றார் மாமா.

உனக்கு எப்படி வந்தது என்று டாக்டர் என்னைக் கேட்டார். குடத்தையும் வேர்வையையும் கையையும் தாடையையும் சொன்னேன். நீ வண்டி பூட்டச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"பயம்னா சட்டுனு உச்சத்துக்குப் போயி, கொஞ்ச நேரத்துல தானா எறங்கிரும், அதுல யாரும் சாவறதில்ல" என்றார் அவர். "அந்தம்மாவுக்குப் பாரம் தூக்கும்போது வந்திருக்கு, உக்காந்தும் விடல. அது மாரடைப்பு. பிரிச்சுச் சொல்றது எங்களுக்கே சில நேரம் கஷ்டம்தான். சந்தேகம்னா நெஞ்சுன்னே நெனச்சுக் கூட்டிட்டு வந்துரணும்." வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அது எனக்கு ஆறுதலா, தண்டனையா?

சேலம் ஸ்டேஷனில் மாமா என் தோளைப் பிடித்தார். "அப்ப அவ என்னால சாவலியா மாப்ள?"

"இல்லீங்க மாமா."

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு யாருக்குமே தோணலியா?" என்றார்.

அக்கா, நான் சொன்னது இதுதான். "நான் வண்டி பூட்டறேன்னுதாங்க சொன்னேன். அக்காதான் காப்புக் கட்டியிருக்குது, எல்லை தாண்ட மாட்டேன்னு அடம் புடிச்சுட்டா."

அவர் நம்பிவிட்டார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

இப்போது அவருக்கு உன்மேல் கோபம். "ஒரு காப்புக் கயித்துக்காக உசுர வுட்டாளே பாவி" என்று நேற்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு முறை கெஞ்சிய உன்னை அடம் பிடித்தவளாக்கிவிட்டேனே, நான் மனுஷன்தானா?

நாளைக் காலையில் மாமா கேழ்வரகுக் காட்டுக்குப் போவார். நானும் போவேன். வாயைத் திறக்கும்போது எனக்கும் மூச்சு வாங்கும், விரல் மடங்கும். வரட்டும், அதில் யாரும் சாவதில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமா அடித்தாலும் சரி, இனி என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. நீ வண்டி பூட்டச் சொன்னாய், நான்தான் பூட்டவில்லை என்று சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

உன் பேரில் பொய் சொன்ன,
உன் கூடப்பிறந்த தம்பி
சின்னச்சாமி